கடல்நீர் மீன்தொட்டிக்கு ஆர்ஓ டிஐ கருவி: முதன்முறை பொருத்துபவர்களுக்கு

200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போவது சாதாரணம். போவது வெறும் தண்ணீர்தான். உப்பும் மற்றதும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதில் கரைந்திருப்பது எல்லாம் உள்ளே வரும். மறுநாள் மீண்டும் தண்ணீர் மட்டும் வெளியேறும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைபொருள் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 900 லிட்டர் ஊற்றினால் 270 கிராம், அதாவது கால் கிலோவுக்கும் மேல். அதில் பெரும்பகுதி கால்சியம், மக்னீசியம், சோடியம் என்று கடலிலும் இருக்கிற சரக்குதான். மிச்சம்தான் தொல்லை: நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா, சில வீடுகளில் செம்புக் குழாயிலிருந்து கரைந்து வரும் செம்பு.

சிலிக்கா சேர்ந்தால் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பொடி தூவியதுபோல டயாட்டம் என்ற நுண்பாசி படரும். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பச்சை மயிர்ப்பாசிக்குச் சாப்பாடு. செம்பு இன்னும் மோசம். மீனுக்கு ஒட்டுண்ணி நோய் வந்தால் தனித்தொட்டியில் வைத்துச் செம்பையே மருந்தாகப் போடுவார்கள், மீன் தாங்கிக்கொள்ளும். அதே அளவு பட்டால் இறாலும் நத்தையும் பவளமும் பிழைக்காது.

என் முதல் தொட்டிக்குக் குளோரின் முறிக்கும் மருந்தைக் கலந்து குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். குளோரின் போனது, மற்றது எதுவும் போகவில்லை. ஆறு மாதம் வாரந்தவறாமல் பாறைகளை எடுத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பாசி அசையவில்லை. ஊற்றும் தண்ணீரை மாற்றிய பிறகுதான் மெல்ல மெல்ல அடங்கியது. அதனால்தான் புதிதாகத் தொட்டி வைப்பவர்களிடம் மீன் வாங்குவதற்கு முன்பே, குழாய்த் தண்ணீரில் கரைந்திருப்பதைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ டிஐ கருவியை (ஆர்ஓ என்பது எதிர்ச் சவ்வூடு பரவல், டிஐ என்பது அயனி நீக்கம்) மாட்டிவிடுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

நாலு ஃபில்டரை வரிசையாக மாட்டிய பலகை என்று இதைப் பார்த்தால், எதை எப்போது மாற்றுவது என்று பிடிபடாது. ஒவ்வொரு கட்டமும் தனக்கு அடுத்திருப்பதைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பொருத்துவதும் பராமரிப்பதும் சுலபம்.

முதலில் வண்டல் ஃபில்டர். மணல், துரு, சேறு ஆகியவற்றைப் பிடிக்கும். அடுத்திருக்கும் கார்பன் அடைத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. கார்பனின் துளை 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் வண்டல் ஃபில்டரும் 1 மைக்ரானாக இருக்கட்டும். 5 மைக்ரான் வண்டல் ஃபில்டரைப் போட்டால் அது விட்டுவிட்ட தூசி கார்பனில் போய் அடைக்கும்.

இரண்டாவது கார்பன் பிளாக். குளோரினை இதுதான் முறிக்கிறது, மூன்றாவதாக இருக்கும் மெம்பிரேனை, அதாவது ஆர்ஓ சவ்வைக் காப்பாற்ற. நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்ஓ சவ்வை 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் உருவாக்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியில் பிறந்தது அது. அவர்கள் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிட்டேட்; குளோரினை ஓரளவு தாங்கும். இன்று நம் கருவியில் இருப்பது பாலிஅமைடு பூசிய மெல்லிய சவ்வு. கரைபொருளைத் தடுப்பதில் பழையதைவிடப் பல மடங்கு கெட்டி, ஆனால் குளோரின் தொடர்ந்து பட்டால் சிதைந்துவிடும். சிதைந்ததைச் சரிசெய்ய வழியே இல்லை. கார்பனை மாற்றச் சோம்பல் பட்டால் மெம்பிரேனுக்கும் சேர்த்துச் செலவு.

மூன்றாவதான மெம்பிரேன், அழுத்தத்தோடு வரும் தண்ணீரில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டு, கரைபொருளை மிச்சத் தண்ணீரோடு வெளியே தள்ளிவிடும். நல்ல மெம்பிரேன் 96 முதல் 98 சதவீதம் வரை தடுக்கும்.

தப்பி வருகிற அந்தச் சிறு மிச்சத்தைப் பிடிப்பது நான்காவதான டிஐ ரெசின். பொடி மணிகளாக இருக்கும் இரண்டு வகை ரெசின்களின் கலவை இது. ஒன்று நேர்மின் அயனியை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும். மற்றது எதிர்மின் அயனியை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். ரெசினுக்கு இவ்வளவுதான் வாங்க முடியும் என்று ஒரு கொள்ளளவு உண்டு. குழாய்த் தண்ணீர் 400 பிபிஎம் (லிட்டருக்கு 400 மில்லிகிராம் கரைபொருள்) என்றால், 98 சதவீதம் தடுக்கும் மெம்பிரேனிலிருந்து 8 பிபிஎம் வரும். 96 சதவீதம் என்றால் 16. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் ரெசின் பாதி நாளிலேயே தீர்ந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே குடிநீர் ஆர்ஓ இருக்கிறதே, அதிலிருந்து பிடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. குடிக்கச் சுவை வேண்டும் என்பதற்காகப் பல கருவிகளில் கடைசிக் கட்டமாகத் தாதுக்களைச் சேர்ப்பார்கள், அல்லது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். டிஐ கட்டமும் அதில் இருக்காது.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம்

ஒன்று, உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் பொருளின் மொத்த அளவு. கையடக்க மீட்டர் ஒன்றை முதலில் வாங்கி அளந்துவிடுங்கள். கருவி வந்த பிறகும் இது இல்லாமல் எதுவும் தெரியாது. இது மின்கடத்தலைத்தான் அளக்கிறது. குளோரின் இருக்கிறதா என்றும், மின்னேற்றம் இல்லாத பொருள் இருக்கிறதா என்றும் இதற்குத் தெரியாது.

இரண்டு, அழுத்தம். இந்தச் சிறு மெம்பிரேன்களுக்கு 40 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவுக்குக் குறையாமல் வேண்டும், 60 பக்கம் இருந்தால் நல்லது. 80ஐத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு போடுங்கள். மாடியில் உள்ள தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீடு என்றால் கணக்குச் சுலபம்: ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1.4 பிஎஸ்ஐ. தொட்டி பத்து மீட்டர் மேலே இருந்தாலும் 14தான் கிடைக்கும். அங்கே பூஸ்டர் பம்ப் கட்டாயம். தண்ணீர் வராதபோது பம்ப் வெறுமனே ஓடாமலிருக்கக் குறையழுத்த சுவிட்சும், கொள்கலன் நிறைந்ததும் நிற்க உயரழுத்த சுவிட்சும் சேர்ந்தே வர வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வரும் என்பதோடு போகாது. தடுக்கும் சதவீதமும் குறையும்.

மூன்று, உங்களுக்கு வருவது குளோரினா குளோரமினா என்பது. குளோரமின் என்பது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. சாதாரணக் கார்பன் அதை மெதுவாகத்தான் உடைக்கும். உடைந்த பிறகு வரும் அமோனியாவை மெம்பிரேனும் ரெசினும் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊர்களில் குளோரமினுக்கென்றே வரும் கேட்டலிட்டிக் கார்பன் ஒன்றைச் சேர்த்து, இரண்டு கார்பன் கட்டங்களாக வைப்பதே சரி. குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இந்தப் பிரச்சினை கிடையாது, வேறொன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கருவியின் அளவு என்று பார்த்தால் நாளொன்றுக்கு 75 கேலன், அதாவது 284 லிட்டர், பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குத் தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் அந்த அளவு 25 டிகிரி செல்சியஸில், 50 அல்லது 60 பிஎஸ்ஐயில் அளந்தது. தண்ணீர் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 15 டிகிரி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

பொருத்துதல்

கழிவு போக வழியும், கசிந்தால் சேதமாகாத தரையும் உள்ள இடமாகப் பாருங்கள். வெயில் படும் இடம் வேண்டாம். குழாய்க்குள் பாசி பிடிக்கும். குளிர்ந்த நீர் இணைப்பில் மட்டும்தான் மாட்ட வேண்டும். சுடுநீர் மெம்பிரேனைக் கெடுத்துவிடும்.

குழாயைக் குத்தித் துளைத்து மாட்டும் சாடில் வால்வு சில பெட்டிகளில் வரும். அதை ஒதுக்கிவிட்டு, மரையில் திருகும் டீ இணைப்பும் தனி பால் வால்வும் போடுங்கள். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். கால் அங்குல டியூபைக் கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோல் டியூபை நசுக்கிச் சாய்வாக வெட்டும். கசிவுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. இணைப்பில் டியூபை அழுத்தும்போது முதலில் ஒரு தடை தெரியும். அதோடு நிறுத்தாமல் இன்னும் அழுத்தினால் ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே போய் உட்காரும். பிறகு இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது.

மெம்பிரேனை உடனே போடாதீர்கள். வண்டல் ஃபில்டரையும் கார்பனையும் மட்டும் மாட்டி, கார்பனிலிருந்து வரும் டியூபை ஒரு வாளியில் விட்டுத் தண்ணீரைத் திறங்கள். முதலில் கரியாக வரும். அந்தக் கரித்தூள் மெம்பிரேனுக்குள் போகக் கூடாது. ஐந்து, பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இப்போது மெம்பிரேன். அதன் ஒரு முனையில் குழாய்போல நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் இரண்டு சிறு ஓ-ரிங்குகள் இருக்கும். அந்த முனைதான் முதலில் உள்ளே போக வேண்டும். ஓ-ரிங்குகளில் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரை ஊதவைத்துவிடும். கடைசிவரை தள்ளும்போது அது துளையில் போய் உட்காருவது கைக்குத் தெரியும். உட்காராவிட்டால் குழாய்த் தண்ணீர் பக்கவாட்டில் புகுந்து நல்ல தண்ணீரோடு கலக்கும். அளந்தால் உள்ளே போன டிடிஎஸுக்கும் வெளியே வந்ததற்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. புதிதாக மாட்டியவர்கள் “மெம்பிரேன் வேலை செய்யவில்லை” என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மெம்பிரேன் கூட்டின் மூடிப் பக்கம் உள்ள ஒற்றைத் துளை தண்ணீர் உள்ளே போக. எதிர்ப் பக்கம் இரண்டு துளைகள்: நடுவில் இருப்பது நல்ல தண்ணீர், ஓரத்தில் இருப்பது கழிவு. கழிவுக் குழாயில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மெம்பிரேனில் அழுத்தமே ஏறாது. தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போகும். கழிவு டியூபின் முனையைச் சாக்கடைத் தண்ணீருக்குள் முக்கி வைக்காமல் சற்று மேலே, இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஃபில்டர் கூடுகளைக் கையால் இறுக்கினால் போதும். கூடவே வரும் பெரிய ஸ்பானர் கழற்றுவதற்கு.

டிஐயை இன்னும் இணைக்காமல் ஒரு மணி நேரம் ஓட விட்டு, வரும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மெம்பிரேன் கெடாமலிருக்கப் போட்ட மருந்து அதில் கரைந்து வரும். பிறகு ஓர் அளவுக் குடுவையும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீர் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பிடித்துப் பாருங்கள். 150 மில்லி நல்ல தண்ணீருக்கு 600 மில்லி கழிவு என்றால் ஒன்றுக்கு நான்கு, சரியான விகிதம். கழிவு வீணாகிறதே என்று ரெஸ்ட்ரிக்டரை இறுக்கிவிடத் தோன்றும். கடினமான தண்ணீரில் அப்படிச் செய்தால் சுண்ணாம்பு மெம்பிரேனிலேயே படிந்து அதை அடைத்துவிடும். கழிவைச் சேமிப்பதுதான் வழி. 400 பிபிஎம் தண்ணீர் கழிவில் ஏறத்தாழ 500ஆக இருக்கும், அவ்வளவுதான். துணி துவைக்க, தரை துடைக்க நன்றாகவே உதவும்.

அழுத்தம், நிமிடத்துக்கு வந்த இரண்டு அளவுகள், மூன்று இடத்து டிடிஎஸ் (குழாய்த் தண்ணீர், நல்ல தண்ணீர், கழிவு) ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் எழுதிக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்தத் தாள்தான் துணை.

இதன் பிறகு டிஐயை இணையுங்கள். ரெசின் குழல் செங்குத்தாக, இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் தண்ணீர் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். முதல் சில லிட்டரைக் கொட்டிவிட்டு அளந்தால் மீட்டர் 0 காட்டும்.

தினமும் ஐந்து லிட்டர் பிடிக்காதீர்கள்

எனக்கு இது புரிய இரண்டு ரெசின் குழல்கள் செலவாயின. அப்போது தினமும் காலையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து உடனே மூடிவிடுவேன். மாதக்கணக்கில் வர வேண்டிய ரெசின் சில வாரங்களிலேயே நிறம் மாறி, தீர்ந்துவிட்டதைக் காட்டியது. மெம்பிரேனுக்கும் டிஐக்கும் நடுவே டியூபைக் கழற்றி, குழாயைத் திறந்த கணத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிடிஎஸ் அளந்து பார்த்தேன். முதலில் 84. அடுத்து 41, 23, 14, பிறகு 9. அதற்குமேல் அசையாமல் 9லேயே நின்றது.

கருவி சும்மா இருக்கும்போது மெம்பிரேனின் இருபுறமும் அழுத்தம் இல்லை. அப்போது கரைபொருள் மெல்ல மெல்ல நல்ல பக்கம் ஊடுருவிவிடும். மறுபடி திறந்ததும் அந்த அழுக்குத் தண்ணீர்தான் முதலில் ரெசினுக்குப் போகிறது. நான் தினமும் ரெசினுக்கு ஊட்டியது அதைத்தான். இதற்குப் பரிகாரம் எளிது. மெம்பிரேனுக்குப் பின்னால் ஒரு டீ இணைப்பும் இரண்டு சிறு வால்வுகளும் போட்டு, முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைக் கழிவோடு விடுங்கள். பிறகு டிஐ பக்கம் திருப்புங்கள். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை திறக்கிறீர்களோ அத்தனை முறை ரெசினுக்கு அடி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இதையெல்லாம் செய்தும் ரெசின் சீக்கிரம் தீரக்கூடும். நிலத்தடி நீரில் கரியமில வாயு அதிகம் கரைந்திருப்பதுண்டு. வாயு என்பதால் மெம்பிரேன் தடுக்காது, டிடிஎஸ் மீட்டரும் அநேகமாகக் காட்டாது, ஆனால் எதிர்மின் அயனியைப் பிடிக்கும் ரெசினைத் தின்றுவிடும். ஆர்ஓ தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் காற்று ஊதி, பிறகு சிறு பம்பு மூலம் டிஐ வழியாக விட்டால் சரியாகும்.

பிடித்து வைப்பதும் உப்புக் கலப்பதும்

உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் டிரம்தான் வேண்டும், மூடியோடு. சுத்தமான தண்ணீர் உலோகத்தைக் கரைக்கும். பித்தளைக் குழாய் மாட்டினால் செம்பை நாமே சேர்த்தது போலாகும். டிரம்முக்கு மிதவை வால்வு போட்டு, கருவியில் தானாக நிறுத்தும் வால்வும், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வும் இருந்தால் நிறைந்ததும் கழிவும் நின்றுவிடும். இருந்தாலும் வேலை முடிந்ததும் பால் வால்வைக் கையால் மூடிவிடுங்கள். இரவில் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மீன்தொட்டிக்கு நேரடியாக இணைப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. மிதவை ஒருமுறை சிக்கிக்கொண்டால் ஓரிரவில் உப்பின் அளவு சரிந்து, பவளம் முதல் மீன் வரை எதுவும் மிஞ்சாது. ஆவியானதை ஈடுகட்டும் தானியங்கி ஏற்பாடு வேண்டுமென்றால் நடுவில் ஒரு சிறு கொள்கலன் வையுங்கள். அது முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டினாலும் தொட்டி தாங்கும் அளவாக அது இருக்கட்டும்.

ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத இந்தத் தண்ணீர். தொட்டித் தண்ணீரை மாற்ற, உப்புக் கலந்த தண்ணீர். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான், ஊற்றும் முன் நிதானித்துக்கொள்ளுங்கள். டிஐ தண்ணீரின் பிஹெச்சை அளந்து, குறைவாக இருக்கிறதே என்று எதையும் கலக்க வேண்டாம். தாங்கிப் பிடிக்க எதுவுமே கரைந்திராத தண்ணீரில் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. உப்புக் கலந்ததும் உரிய இடத்துக்கு வந்துவிடும்.

உப்பைத் தனி டிரம்மில் கலக்க வேண்டும், உயிர்கள் உள்ள தொட்டியில் அல்ல. முதலில் தண்ணீர்; அதைச் சுழலவிட ஒரு பம்பு; 25 டிகிரிக்குக் கொண்டுவர ஹீட்டர். பிறகுதான் உப்பு, கைப்பிடி கைப்பிடியாக. உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கரைசல் மிகவும் கெட்டியாகி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தது எளிதில் திரும்பக் கரையாது. லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்புக் கலவை பிடிக்கும், பையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற உப்பளவு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி (சுத்தத் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 என்று காட்டும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுள்ள சோதனைக் கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் டிஐ தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி 35இல் இரண்டு, மூன்று அலகு பிழையாகக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

எதை எப்போது மாற்றுவது

அழுத்தமானி கார்பனுக்கும் மெம்பிரேனுக்கும் நடுவே இருக்கட்டும். ஒட்டிவைத்த தாளில் உள்ள அழுத்தத்திலிருந்து 10 பிஎஸ்ஐ இறங்கினால் வண்டல் ஃபில்டர் அடைத்திருக்கும், மாற்றுங்கள். கார்பனுக்கு ஆறு மாதம் என்பது பொதுக் கணக்கு. அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு: கழிவுத் தண்ணீரில் மொத்தக் குளோரின் சோதனை செய்யுங்கள். அது கார்பனைத் தாண்டி வந்த தண்ணீர்தானே. அதில் குளோரின் தென்பட்டால் அன்றே கார்பனை மாற்றிவிடுங்கள்.

மெம்பிரேனுக்கு ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். உள்ளே 400, வெளியே 12 என்றால் 388ஐ 400ஆல் வகுத்தால் 97 சதவீதம். இது 95க்குக் கீழே இறங்கினால், முதலில் அழுத்தத்தையும் ஓ-ரிங்கையும் பார்த்துவிட்டு, அவை சரியென்றால் புது மெம்பிரேன் போடுங்கள். நன்றாகக் கவனித்தால் இரண்டு மூன்று வருடம் சாதாரணமாக வரும்.

ரெசினை மாற்ற 5, 10 என்று ஏறும்வரை காத்திருக்காதீர்கள். மீட்டர் 1 காட்டிய அன்றே மாற்றுங்கள். தீர்ந்துபோன ரெசின் பிடிப்பதை நிறுத்துவதோடு விடுவதில்லை. இறுகப் பிடிக்கும் அயனிகள் வர வர, தளர்வாகப் பிடித்திருந்த சிலிக்கா போன்றவற்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும். அப்போது உள்ளே போனதைவிட அதிகமாகவே சிலிக்கா வெளியே வரும், மீட்டரில் அது சரியாகத் தெரியவும் தெரியாது.

நீண்ட நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மெம்பிரேனை ஈரமாகவே விட்டுவிட்டு, தண்ணீர் வரும் வால்வை மட்டும் மூடுங்கள். காய்ந்த மெம்பிரேன் திரும்ப உதவாது. வந்ததும் மெம்பிரேனை வேகமாகக் கழுவ உதவும் ஃப்ளஷ் வால்வு இருந்தால் அதைத் திறந்து இரண்டு நிமிடம் கழுவிவிட்டு, டிஐக்கு விடுவதற்கு முன் நடுவில் ஒருமுறை அளந்து பாருங்கள். எண் 9க்கோ 10க்கோ, உங்கள் தாளில் எழுதியிருக்கும் பழைய இடத்துக்கு இறங்கிய பிறகு வால்வைத் திருப்பலாம்.